போவது ஒரு மணி, வருவது ஐந்து மணி

கர்மெலாவா,
ஆகஸ்ட் 24, பர்த்தலமேயு திருநாள்.

இயேசு கிறிஸ்துவுக்கு மகிமை.

என் அருமைப் பேத்தி உர்தேவுக்கும் கொள்ளுப்பேத்தி லுக்னேவுக்கும் கஸிமியெரா பாட்டி எழுதுவது. நான் நலம். முழங்காலும் இன்று என் பேச்சைக் கேட்கிறது. நீங்கள் நலமா என்று கேட்க முடியவில்லை. இந்த வரியை எழுதும்போது நீங்கள் இருவரும் வானத்தில் இருக்கிறீர்கள்.

வானத்தில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதுவது எனக்கு இதுவே முதல் தடவை. வேறு வேலை எதுவும் ஓடவில்லை. உங்களை விமான நிலையத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பிக் கொல்லைக்குப் போய் நின்றேன். பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரத்தில் உங்கள் விமானம் ஆப்பிள் மரத்துக்கு மேலே வந்தது. பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்து ஆட்டினேன். லுக்னே பார்த்தாளா? ஜன்னல் பக்கம்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தாளே. இத்தனை வருடமாக இந்த விமானங்களின் வயிற்றை மட்டுமே பார்த்து வருகிறேன். இன்றைக்குத்தான் அதற்குள் என் வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். கோழிகள் கூட்டுக்குள் ஓடிவிட்டன. நான் மட்டும் கழுத்து வலிக்கும்வரை நின்றேன்.

கால்களை நாற்காலிக் கட்டையில் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தரை நீங்கள் விட்டுப்போன மாதிரியே கிடக்கிறது. கறுப்பு ரொட்டித் துணுக்கு, சூரியகாந்தித் தோல், லுக்னே வெட்டிப் போட்ட காகிதம். போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். பெருக்கினால் அவர்கள் வந்த வழியையும் சேர்த்துப் பெருக்கிவிட்டதாக ஆகிவிடும். நீ மூன்று மணி நேரம் என்றாய். மூன்று மணி நேரம் காலைத் தூக்கி வைத்திருக்க எனக்கு வலு இருக்கிறது.

புறப்படும் முன் வழக்கப்படி எல்லோரும் பேசாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்தோமே, அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். லுக்னே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நீ எதையோ அடக்கிக்கொண்டிருந்தாய். அது சிரிப்பு இல்லை. உன் புருஷன் மாரியுஸுக்கு இந்தக் கோடையிலும் விடுமுறை கிடைக்கவில்லை என்றாய். சரி என்று கேட்டுக்கொண்டேன். நான் பின்னிக் கொடுத்த மூன்று ஜோடிக் காலுறைகளில் இரண்டைப் பெட்டியில் வைத்தாய். பெரிய ஜோடி மேஜை மேலேயே இருக்கிறது. அவசரத்தில் விட்டிருப்பாய். கம்பளி ஒன்றும் கெட்டுப்போகாது.

இங்கே எழுதுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு ஜோசே ஊறுகாய் வெள்ளரியோடு உள்ளே வந்தாள். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

வாசலில் நின்றபடியே, "என்னடி கஸே, வீடு சந்தை கலைஞ்ச எடம் மாதிரி கெடக்கு?" என்றாள்.

பிள்ளைகள் இன்னும் போய்ச் சேரவில்லை என்றேன். "பேப்பர் எங்க, காட்டு" என்றாள். நீ விட்டுப்போன பயணத் தாளைக் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துப் படித்தாள். நம் காவுனாஸிலிருந்து புறப்பாடு பதினொன்று. டப்ளினில் இறக்கம் பன்னிரண்டு ஐந்து. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு எட்டு.

"எறங்கி மூணு நிமிஷம் ஆச்சு. நகரு" என்று துடைப்பத்தை எடுத்துவிட்டாள்.

"அவ மூணு மணி நேரம்னு சொன்னாளேடி" என்றேன்.

"அவ சொன்னது பெருசா, ஏரோப்ளேன்காரன் அச்சடிச்சுக் குடுத்தது பெருசா? சின்னப் பிள்ளைங்க எல்லாத்தையும் பெருசு பண்ணித்தான் சொல்லும். காலை எடு!"

காலை எடுத்தேன். அவள் பெருக்கினால் அடுப்பு இடுக்கைக்கூட விடமாட்டாள் என்பது உனக்குத் தெரிந்ததுதான். பெருக்கி, அள்ளி, குப்பையையும் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்து வெள்ளரி தின்றோம். இரண்டு இருபதுக்கு என் கைபேசி குலுங்கியது. "இப்போதான் இறங்கினோம் பாட்டி, லுக்னேவுக்குக் காது வலி, மற்றபடி நலம்" என்று நீ அனுப்பியிருந்தாய்.

ஜோசே மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "இப்போதான்னா எப்போ?" என்று கேட்டாள். அவள் எழுந்து துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் வைத்து, அதன்மேல் என் கோட்டை மாட்டி மறைத்தாள்.

அப்புறம் இருவரும் அந்தத் தாளை இன்னொரு தடவை பார்த்தோம். நீங்கள் இங்கே வந்த நாளின் கணக்கும் மேலேயே இருக்கிறது. டப்ளினில் புறப்பாடு பன்னிரண்டரை. காவுனாஸில் இறக்கம் மாலை ஐந்தே கால். அதாவது போவதற்கு ஒரு மணி, வருவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி. அதே வானம், அதே விமானம். இது எப்படி? ஜோசே கொஞ்சம் யோசித்துவிட்டு, "போறது எறக்கம், வர்றது ஏத்தம்" என்றாள். எனக்கும் ஒரு நொடி அது சரியாகத்தான் பட்டது. இந்தத் தெருவில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று நினைத்தால் இறக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. யாரிடமாவது விசாரித்து எழுது. உன் ஆஸ்பத்திரியில் படித்தவர்கள் இருப்பார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவுச் சாப்பாட்டுக்கு வருவதாக லுக்னே என் கையில் அடித்துச் சொல்லியிருக்கிறாள். நீயும் தலையாட்டினாய். நாரைகள் இன்று எலெக்ட்ரிக் கம்பத்துக் கூட்டைவிட்டுக் கிளம்பிவிட்டன. அவற்றுக்குத் திரும்பி வரும் நாளை யாரும் தாளில் அச்சடித்துக் கொடுக்கவில்லை. நீயாவது தாளில் எழுதி அனுப்பு.

லுக்னேவின் காதில் வெதுவெதுப்பாக உப்பு ஒத்தடம் கொடு. ஆண்டவர் உங்கள் கூரையைக் காக்கட்டும்.

உன் பாட்டி
கஸிமியெரா


கர்மெலாவா,
நவம்பர் 4.

இயேசு கிறிஸ்துவுக்கு மகிமை.

அன்புள்ள உர்தே, உன் கடிதம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் கிடைத்தது. தொலைபேசியில் பேசாமல் எழுதினாயே, அதற்கே உனக்கு ஒரு முத்தம். தொலைபேசியில் நீ "சரி பாட்டி, சரி பாட்டி" என்று கதவைச் சாத்துகிற மாதிரி பேசுகிறாய். காகிதத்தில் அப்படிச் சாத்த முடியாது.

உன் அம்மாவின் கல்லறையில் உன் பெயருக்கும் லுக்னேவின் பெயருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்று இருந்தது, ஆனாலும் இரண்டும் அணையவில்லை. அங்கே உன் மாமி ரெஜினா வந்தாள். வந்ததும் வராததுமாக, "கிறிஸ்துமஸுக்கு உர்தே வர்றாளா? புருஷனோட வர்றாளா, இந்தத் தடவையும் தனியாவா?" என்று கேட்டாள். கல்லறையில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா இது? "என் பேத்தி யாரோட வரணும்னு நீ சீட்டு எழுதிக் குடுக்கப் போறியா?" என்று கேட்டேன். அவள் குனிந்து மெழுகுவர்த்தியைத் திருத்தினாள்.

அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். என் பேத்தி டப்ளினில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் இல்லை, மாத்திரை கொடுக்கிறவர்களுக்கு உத்தரவு போடுகிறவள், இருபது தாதிகள் அவள் கையசைவுக்குக் காத்திருக்கிறார்கள் என்றேன். இருபதா பன்னிரண்டா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ரெஜினாவுக்கு இருபதே இருக்கட்டும்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். டப்ளின் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு இரண்டு மணி நேரம் பின்னால் ஓடுகிறது, தாளில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள் என்று எழுதியிருந்தாய். இதைப் படித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. போகும்போது தாள் இரண்டு மணியை விழுங்குகிறது, வரும்போது அதே இரண்டு மணியைக் கக்குகிறது. அப்படியானால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் விழுங்கியதும் கக்கியதும் அடிபட்டுப் போகும் இல்லையா? ஐந்தாம் வகுப்பு வரை படித்த கணக்கை வைத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் குறைவாக வந்தது. நீ சொன்னதும் மூன்று. எனக்கு வந்த சந்தோஷத்தில் கோழிக்கு இரண்டு தடவை தீனி போட்டுவிட்டேன்.

ஆனால் கணக்கு முடியவில்லை. இரண்டு மணியை எடுத்துப் போட்டாலும் போவதும் வருவதும் சமமாக நிற்கவில்லை. போவதற்கு மூன்று மணியும் ஐந்து நிமிடமும் ஆகிறது. வருவதற்கு மூன்று மணிகூட இல்லை. ஜோசே சொன்னதற்கு நேர் எதிராக, வருவதுதான் சுருக்கம்! ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் தூங்கவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் முட்டை வாங்க வருகிற பூகோள டீச்சர் கிந்தாரேயைப் பிடித்துக்கொண்டேன். நல்ல பெண். சிரிக்காமல் கேட்டாள். "இருங்க பாட்டி, நாளைக்கு உருண்டையை எடுத்துட்டு வர்றேன். தாள்ல காட்டினா சரியா வராது" என்றாள். மறுநாள் பள்ளிக்கூடத்துப் பூமி உருண்டையை உருளைக்கிழங்குப் பையில் போட்டுத் தூக்கி வந்தாள். என் கம்பளி நூலில் ஒரு துண்டு கேட்டாள். ஒரு முனையை நம் ஊரில் வைத்து என் விரலால் அழுத்தச் சொன்னாள். மறுமுனையை டப்ளினுக்கு இழுத்தாள். அவ்வளவுதான், உர்தே. என் விரலுக்கும் அவள் விரலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்றாள்.

அப்புறம் காற்றைப் பற்றிச் சொன்னாள். மேலே, விமானம் பறக்கிற உயரத்தில், பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகவே காற்று அடிக்குமாம். இங்கேயிருந்து டப்ளினுக்குப் போகிறவர்களை அது எதிர்த்துத் தள்ளும். அங்கேயிருந்து நம் ஊருக்கு வருகிறவர்களை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். "அப்போ ஏத்தம் போறவங்களுக்குத்தானா?" என்று கேட்டேன். "ஆமா பாட்டி, போறதுதான் ஏத்தம். வீட்டுக்கு வர்றது எறக்கம்" என்றாள். எண்பத்தோரு வயதில் இப்படி ஒரு நல்ல செய்தியை நான் எதிர்பார்க்கவில்லை.

ஜோசேயும் அங்கேதான் இருந்தாள். பாவம், அவளுக்கு வேறு கவலை. "டீச்சரம்மா, இந்த நூல்ல பன்னெண்டு எட்டு எங்க வரும்?" என்று மெதுவாகக் கேட்டாள். கிந்தாரேக்குப் புரியவில்லை. துடைப்பக் கதையை நான் சொன்னேன். டீச்சர் நூலை மூன்றாக மடித்துப் பார்த்து, ஒரு பங்கு முடிகிற இடத்தில் நகத்தை வைத்தாள். ஸ்வீடனுடைய தென்முனைக்குக் கீழே, கடலுக்கு மேலே. ஜோசே அந்த இடத்தையே வெறித்துப் பார்த்தாள். "கடல் மேலயா பெருக்கினேன்!" என்று ஏப்ரன் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஏன் அழுதாள் என்றால், நீ கடிதத்தின் கடைசியில் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு வர முடியாது, ரொம்பத் தூரம் பாட்டி, என்று எழுதியிருந்தாயே. தன் துடைப்பம்தான் உன்னைத் தள்ளிவிட்டது என்று அவள் நம்புகிறாள். "எம்மேலதான் பாவம் கஸே, நான்தான் புள்ளையோட வழியைக் கூட்டித் தள்ளிட்டேன்" என்கிறாள். துடைப்பத்துக்கு ஸ்வீடன் வரை நீளம் கிடையாதடி என்று நான் திட்டிப் பார்த்தேன். கேட்கவில்லை. தினமும் எனக்கு சூப் கொண்டு வந்து வைக்கிறாள். நானும் சாப்பிடுகிறேன், சூப் என்ன பாவம் செய்தது.

உர்தே, அந்தத் "தூரம்" என்ற சொல்தான் எனக்குப் புதிராக இருக்கிறது. ஆகஸ்டில் வேலியருகே நின்று "மூணு மணி நேரம்தானே பாட்டி, அழாதீங்க" என்று நீதான் சொன்னாய். அக்டோபரில் அதே வழி எப்படி நீண்டது? நடுவில் யாராவது கடலை இழுத்துவிட்டார்களா?

தூரம் எனக்குத் தெரியும். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது என் அப்பாவை நாடுகடத்திக் கிழக்கே கொண்டுபோன ரயில் வாரக்கணக்கில் ஓடியது. எத்தனை கிலோமீட்டர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மாடு மேய்க்கப் போனேன். பல வருடம் கழித்து அவர் திரும்பி வந்து, கிணற்றடியில் நின்ற என்னைப் பார்த்து, "கஸிமியெரா வீட்டில் இருக்கிறாளா அம்மா?" என்று கேட்டார். அதுதான் தூரம். டப்ளின் தூரம் இல்லை. டப்ளினை என் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டேன்.

அதனால் வா. காற்று உன் பக்கம் இருக்கிறது. காளான் காயவைத்திருக்கிறேன். கசகசா நிறைய வாங்கி வைத்திருக்கிறேன். கதவு எப்படித் திறக்கும் என்று உனக்குத் தெரியும். கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும்.

உன் வாசலில் நல்லவர்கள் மட்டுமே காலெடுத்து வைக்கட்டும்.

உன் பாட்டி
கஸிமியெரா


கர்மெலாவா,
டிசம்பர் 9.

இயேசு கிறிஸ்துவுக்கு மகிமை.

என் கண்ணே உர்தே,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசியதை நினைத்துக்கொண்டே மூன்று நாள் மாவு பிசைந்தேன். "தூரம் இல்ல பாட்டி. அந்த மேஜைல எல்லாரும் உக்காந்து கேப்பாங்க. எனக்குப் பதில் சொல்ல வராது" என்றாய். அப்புறம் பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. குழாயை நீ திறந்துவிட்டாய் என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதிலும் அழுகை வந்தால் குளியலறையில் அப்படித்தான் செய்வாய். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் புரிந்துகொண்டேன். இதுவரை நான் நேரத்தையும் கிலோமீட்டரையும் அளந்துகொண்டிருந்தேன். உனக்கு விமானத்திலிருந்து இறங்குவது கஷ்டமே இல்லை. இந்த வாசலிலிருந்து அந்த மேஜைக்கு வருகிற பத்தடிதான் கஷ்டம். அங்கே ரெஜினா உட்கார்ந்திருப்பாள். அந்தப் பத்தடிக்குக் காற்றும் உதவாது.

ஆகவே நான் வருகிறேன்.

உட்கார்ந்துகொள். படித்ததை இன்னொரு முறை படி. டிசம்பர் இருபத்துமூன்று, அதே விமானம், பதினொன்று மணிக்குப் புறப்பாடு. கிந்தாரே டீச்சர் தன் கம்ப்யூட்டரில் வாங்கிக் கொடுத்தாள். பிறந்த தேதியைக் கேட்டது. தட்டினாள். அந்த வருடத்துக்குப் போவதற்கே அவள் விரல் வெகுநேரம் கீழே கீழே இழுத்துக்கொண்டு போயிற்று. "மன்னிச்சுக்குங்க பாட்டி, இன்னும் வரல" என்றாள். "அவசரம் இல்ல, நானும் மெதுவாத்தான் வந்தேன்" என்றேன்.

ரெஜினாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவள், "இந்த வயசுலயா? அத்தே, மேல போனதும் ரத்தம் கொதிக்குமாமே. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்றாள். "ஆச்சுன்னா மேலதானே இருக்கேன், பரலோகத்துக்குப் பாதி வழி மிச்சம்" என்றேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவுச் சாப்பாட்டை இந்த வருடம் அவள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும். அவளுக்குக் கேட்க ஆள் வேண்டும் என்றால் அவளுக்கு மூன்று மருமகள்கள் இருக்கிறார்கள்.

உள்ளதைச் சொன்னால், எனக்கு ஆவல்தான் அதிகமாக இருக்கிறது, பயம் குறைவு. ஜன்னல் ஓரம்தான் வேண்டும் என்று சொல்லி வாங்கியிருக்கிறேன். என் கூரை மேலேயிருந்து எப்படித் தெரியும்? ஆப்பிள் மரம் தெரியுமா? கோழி தெரியுமா? கோழி தெரியாது என்று கிந்தாரே சொல்கிறாள். பார்ப்போம். ஜோசே கொல்லையில் வெள்ளைப் போர்வையை விரித்துக்கொண்டு நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ஸ்வீடன் முனை வருகிறபோது கீழே எட்டிப் பார்த்து, கடல் சுத்தமாக இருக்கிறதா என்று வந்து சொல்வதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். முதலில் கோபித்துக்கொண்டாள். அப்புறம் சிரித்துவிட்டாள். நவம்பருக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பதினொன்றுக்கு ஏறி மூன்று மணி நேரம் பறந்தாலும் பன்னிரண்டு ஐந்துக்கு இறங்கிவிடுவேன். அப்படியானால் எனக்கு இரண்டு மணி நேரம் சும்மா கிடைக்கிறது. இந்த வயதில் எனக்கு எதையும் யாரும் சும்மா கொடுத்ததில்லை. "திரும்பி வர்றப்போ புடுங்கிக்குவாங்கடி" என்று ஜோசே எச்சரித்தாள். அதனால்தான் நம் பிள்ளைகள் திரும்பி வருவதில்லையோ என்னவோ, கிடைத்த இரண்டு மணியைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல். நான் கொடுத்துவிடுவேன். ஜனவரி பிறந்து கோழிகளுக்கு என் நினைப்பு வரும்போது திரும்புவேன். அதுவரை அந்த இரண்டு மணியை லுக்னேவோடு செலவழிப்பதாக இருக்கிறேன்.

இப்போது வேலை விஷயம். பங்குக் குருவானவரிடமிருந்து காகிதம் போல மெல்லிய கிறிஸ்துமஸ் அப்பம் வாங்கியாயிற்று. இதுவரை உனக்கு அதை உறையில் போட்டு அஞ்சலில் அனுப்பினேன். ஒவ்வொரு வருடமும் உடைந்துதான் வந்தது என்றாய். இந்த வருடம் முழுசாக வரும், நாம் கையால் உடைக்கலாம். சின்ன ரொட்டி உருண்டைகளை இங்கேயே சுட்டுவிட்டேன். கசகசாப் பாலைக் கொண்டுவர முடியாதாம், தண்ணீராக எதுவும் விடமாட்டார்களாம். கசகசாவாகக் கொண்டுவந்து அங்கே அரைக்கிறேன். உன்னிடம் நல்ல உரல் இல்லை என்றால் கனமான பாட்டில் ஒன்று எடுத்து வை. மேஜைத் துணிக்கு அடியில் பரப்ப ஒரு கைப்பிடி வைக்கோல் என் கோட்டுப் பையில் வரும். விமான நிலையத்தில் கேட்டால், என் தலையணையிலிருந்து உதிர்ந்தது என்று சொல்வேன். மீன் மட்டும் நீ வாங்கு. ஹெர்ரிங் மீன், உப்பில் போட்டது. அந்த ஊர்க் கடலிலும் அது இருக்கும்.

லுக்னேவுக்குச் சொல்லிவிடு, முதல் நட்சத்திரத்தைப் பார்க்கும் வேலை அவளுடையது. அது தெரிந்த பிறகுதான் சாப்பாடு. டப்ளினில் எப்போதும் மேகம் என்று சொல்வாய். அப்படியானால் அவள் "பாத்துட்டேன்" என்று சொன்னால் பார்த்ததாக எடுத்துக்கொள்வோம்.

மேஜையில் இரட்டைப்படையாகத்தான் உட்கார வேண்டும், உனக்குத் தெரியும். நீ, லுக்னே, நான், மூன்று பேர் ஆகிறோம். நாலாவதாக ஒரு தட்டு வை. யாருக்கு என்று நான் கேட்க மாட்டேன். உன் அம்மாவுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். கீழ் வீட்டில் தனியாக இருக்கிறாளே ஓர் ஐரிஷ் கிழவி, பூனையோடு பேசுகிறவள், அவளைக் கூப்பிடலாம். அவள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவளுக்குத் தெரியாது. கேள்வியே இல்லாத சாப்பாடாக இருக்கும்.

உன் வீட்டில் மூன்று கட்டில் கிடையாது என்பது எனக்குத் தெரியும். உன் கட்டிலில் எந்தப் பக்கம் காலி என்று இப்போது எனக்குச் சொல்ல வேண்டாம். லுக்னேவின் காலடியில் சுருண்டுகொள்கிறேன். நான் குறட்டை விடுவேன், அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவை.

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் உன் கையில் சேர்ந்துவிடும் என்று தபால்காரப் பெண் உறுதி சொல்லியிருக்கிறாள். வேண்டாம் பாட்டி என்று நீ சொல்வதற்கு வழி வைக்கவில்லை. டிக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இருபத்துமூன்றாம் தேதி அந்த ஊர் விமான நிலையக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீ நிற்பாய். வருவதற்கு முன்னால் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு, பொட்டலத்தில் கட்டி வைத்த சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வராதே, என் கண்ணே. இருக்கிற முகத்தோடு வா. இரண்டாயிரம் கிலோமீட்டர் எதிர்காற்றில் வருகிறவளுக்கு அதைப் பார்க்கத்தான் ஆசை.

ஆண்டவர் உன்னை இரு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். நான் வந்ததும் ஒரு கையை அவர் எடுத்துக்கொள்ளலாம்.

உன் பாட்டி
கஸிமியெரா